மழை வந்தால் மாறும் கை

அப்புத்தளை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இரண்டு மாதம் மட்டும் ஒரு குடைக்கடை இருந்தது. வெயில் நாளில் திறந்திருக்கும். மழை வந்தால் மூடிவிடும். அந்தக் கடையின் முதலாளி என் சித்தப்பா, அப்பாவின் தம்பி.

முதல் துளி விழுந்ததும் ரோட்டில் போகிறவர்கள் கடையைப் பார்த்து ஓடி வருவார்கள். அதே நேரம் சித்தப்பா கடைக்குள்ளிருந்து வெளியே ஓடி வருவார். இரண்டு தரப்பும் வாசலில் முட்டிக்கொள்ளும்.

"அண்ணே, ஒரு குடை குடுங்க!"

"மழை விடட்டும், வாங்க!"

"மழை விட்ட பொறகு எனக்கு எதுக்குண்ணே குடை?"

சித்தப்பா அதற்குள் ரோட்டைத் தாண்டியிருப்பார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வானத்துக்கு நேர் கீழே நின்று, தொப்பலாக நனைந்தபடி, தன் கடையில் தொங்கும் குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தகரக் கூரை மேல் மழை விழுகிற சத்தம் அவருக்கு ஆகாது. அதுவும் தகரக் கூரைக் கடை. வாடகைக்கு எடுத்தது நல்ல வெயில் காலத்தில் என்பதால் அவருக்கு அந்த யோசனை வரவில்லை.

இன்று அதே மனிதருக்குப் பண்டாரவளையில் ஒரு கடை, கொஸ்லந்தயில் ஒரு கடை. கல்யாணம், கோயில் திருவிழா, சாவு வீடு எதுவானாலும் உட்காரக் கதிரை, டென்ட், அண்டா, ஸ்பீக்கர் எல்லாம் அவரிடமிருந்துதான் போகின்றன. எப்படி என்று கேட்பவர்களுக்கு அவர் "எல்லாம் மழைதாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கியிருக்கிறேன். ஆகவே நான் ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் பகுதி நான் பிறப்பதற்கு முன் நடந்தது. சித்தப்பாவுக்கு அப்போது எட்டு வயது. நான்கு நாளாக மழை. ஐந்தாம் நாள் பகலில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து இரண்டு வீட்டுக் காம்பராக்களை மூடியது. பெரியவர்கள் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த தாத்தாவும், மழையைச் சாக்காக வைத்துப் பள்ளிக்குப் போகாத சித்தப்பாவும் மட்டும் வீட்டில். அப்பா பத்து வயதிலேயே கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார், அதனால் தப்பினார்.

மண் வந்தபோது சித்தப்பா மேசைக்கு அடியில் உட்கார்ந்து, பிஸ்கட் டின்னில் இருந்த சீனியைத் திருடித் தின்றுகொண்டிருந்தார். மேசை தாங்கிக்கொண்டது. இருட்டு, மண், கையில் காலி டின். கத்திப் பார்த்தார், வாய்க்குள் மண் போனது. பிறகு டின்னை அடிக்கத் தொடங்கினார். அந்த வாரம் பக்கத்து லயத்தில் ஒருவர் இறந்து, இரண்டு நாள் விடாமல் தப்பு மேளம் அடித்திருந்தார்கள். எட்டு வயதுக் கைக்குத் தெரிந்த அடி அது ஒன்றுதான். அதையே அடித்தார்.

மேலே மம்பட்டியோடு தோண்டிக்கொண்டிருந்த ஆம்பிளைகளுக்கு மண்ணுக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. அத்தனை பேரும் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கங்காணி எல்லோருக்கும் முன்னால் ஓடினாராம். பக்கத்துக் காம்பரா அத்தை மட்டும் ஓடவில்லை.

"அட எரும மாடுகளா, எந்தப் பேய்டா பிஸ்கட் டின்ல மேளம் அடிக்கும்? உள்ள புள்ள இருக்குடா!"

அவர் வெறுங்கையால் தோண்டத் தொடங்கிய பிறகுதான் ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். சித்தப்பாவை எடுக்கும்போதும் கை டின்னை அடித்துக்கொண்டே இருந்ததாம். இந்த இடம்வரை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். தாத்தாவை மறுநாள் எடுத்தார்கள் என்பதைச் சொல்லும்போது யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

அதற்குப் பிறகு சித்தப்பா பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருக்கவில்லை. அதுவும் தகரக் கூரை. மழை பெய்தால் அவர் விரல்கள் மேசையில் சாவு மேளம் அடிக்கும். சேட்டை என்று நினைத்து ஆசிரியர் பிரம்பால் கையில் அடித்தார். கை அந்த அடியிலும் தாளம் விடவில்லை என்று சித்தப்பா இப்போது பெருமையாகச் சொல்வார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

கோயில் மேளக்காரர்களோடு சேர்ந்து பதினாறு வயதில் அவர் தப்பு அடித்தால், காலில் விறைப்புள்ள கிழவர்களும் நடுவே வந்து இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போனார்கள். கொஸ்லந்தயிலிருந்து பதுளைவரை திருவிழாக்களுக்கு அழைப்பு வந்தது. ஆனால் மழைக்காலம் முழுவதும் அவர் வேறு மனிதர். மழை பெய்கிற நாளில் காம்பராவுக்குள் இருக்க மாட்டார், சாப்பிட மாட்டார், ஒரு காலம் குடிக்கவும் குடித்தார். அம்மா சோற்றுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய், கொய்யா மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கும் கொழுந்தனாருக்குக் கொடுப்பதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா அப்படித்தான் வெளியே நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மேளச் சத்தத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு மலையில் அடித்தால் எதிர் மலைக்குக் கேட்கும். திருவிழா அடி வேறு, கல்யாண அடி வேறு, சாவு அடி வேறு. சாவு அடி கேட்டால் யாரும் போன் போட்டு விசாரிக்க மாட்டார்கள். கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, சீனியோ தேயிலையோ பிஸ்கட்டோ ஒரு பொட்டலம், எங்கள் பேச்சில் பக்கெட், வாங்கிக்கொண்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து நடப்பார்கள். யார் இறந்தது என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளலாம்.

நான் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணம். சித்தப்பாதான் மேளம். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை பெண் ஊர்வலம் கோயில் கொட்டகைக்கு வந்து சேர்ந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குத் தகரக் கூரை. நான் சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் முதலில் மாறியது, பிறகு கை மாறியது. துள்ளிக்கொண்டிருந்த அடி மெல்ல இறங்கி, இழுத்து இழுத்து, சாவு அடியாக வந்து நின்றது. உறுமி அடித்தவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவரும் கூடவே போனார். மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தபடி நின்றார். அப்பா பாய்ந்து போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடிப்பதற்குள் ஐந்து நிமிடம் முழுதாகப் போயிருந்தது.

ஐந்து நிமிடம் எதிர் மலைக்குப் போதும். அங்கே, தோட்டத்தின் கீழ் டிவிஷனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கொஞ்ச நாளாக நெஞ்சு வலியில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆகவே செத்தது அவர்தான் என்று நடந்து வரும்போதே முடிவாகிவிட்டது. அரை மணி நேரத்தில் அறுபது பேர் கொட்டகை வாசலில். முன்னால் வந்த கிழவி யாரையும் பார்க்காமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

பெரியப்பா கையில் வடையோடு எழுந்து வந்தார்.

"யாருக்கும்மா அழுவுற?"

"ஒங்களுக்குத்தான் மாமா... என்னப் பெத்த ராசா..." என்று பாட்டிலேயே சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தவள், மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, அழுதது அழுதுட்ட. பாதில நிறுத்தாத, நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

அதோடு முடியவில்லை. கீழ் டிவிஷன் மரண உதவிச் சங்கத்தார் டிராக்டரில் டென்ட்டும் கதிரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? நின்றுகொண்டு இருக்க விடவும் முடியாது. எல்லோரும் சித்தப்பாவை எப்படித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா மழையில் நின்றபடியே சங்கத்தாரிடம் பேசி டென்ட்டைக் கொட்டகையை ஒட்டிக் கட்டவைத்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைத் தூக்கி வரச் செய்தார், இன்னொரு அண்டாவை அடுப்பில் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் சாவுக்கு வந்த அறுபது பேரும் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பந்தியில் கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டார்கள்.

ஆனால் அன்றோடு அவர் மேளத்துக்கு அழைப்பு நின்றது. நல்ல காரியத்தில் சாவு மேளம் அடித்தவனை யார் கூப்பிடுவார்கள்? சாவு வீட்டுக்காரர்களும் கூப்பிடவில்லை. "அங்க போய்க் கல்யாண அடி அடிச்சிட்டான்னா?" என்று அவர்களுக்குப் பயம். சித்தப்பா தப்பைத் துணியில் சுற்றிக் கோயில் அறையில் வைத்துவிட்டார். அதன் பிறகுதான் அந்தக் குடைக்கடை. அதன் கதி உங்களுக்குத் தெரியும்.

குடைக்கடை மூடிய வாரத்தில் அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா எங்கள் காம்பராவுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அம்மா என்னை உள்ளே போகச் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"தம்பி, அடுத்த மாசம் ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம். நீ வரணும்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணே, நான் இப்ப மேளம் தொடுறதில்ல."

"மேளத்தை யாருப்பா கேட்டா? மேளத்தோட வந்தன்னா கல்லால அடிப்பேன். கதிரைக்கு வா. அன்னைக்கு ரெண்டு கூட்டத்த ஒரே எடத்துல ஒக்கார வெச்சியே, அந்த வேலைக்கு வா."

இப்படித்தான் தொழில் தொடங்கியது. முதலில் வாடகைக்கு எடுத்த ஐம்பது கதிரை. பிறகு சொந்தமாக. டென்ட் எடுத்தபோது தகரம் வேண்டவே வேண்டாம் என்று கெட்டித் துணியில் தைக்கக் கொடுத்தார். அதன் மேல் மழை விழுந்தால் சத்தம் மெத்தென்று இருக்கும், ஐயர் சொல்கிற மந்திரமும் கேட்கும், ஸ்பீக்கரும் கேட்கும். மற்ற டென்ட்காரர்களிடம் அது இல்லை. தன் பயத்துக்காகச் செய்ததை ஜனங்கள் வசதி என்று எடுத்துக்கொண்டார்கள். முதன்முறையாக மழை நாளில் ஒரு கூரைக்குக் கீழே சித்தப்பா நின்றதை நான் அங்கேதான் பார்த்தேன். ஓரத்தில்தான் நின்றார். ஒரு கால் வெளியே இருந்தது.

தொழிலைப் பதிவு செய்ய நான் கூடப் போனேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், சிங்களமும் நன்றாக எழுதுவேன், அந்தப் படிவத்தை நான் நிரப்பாவிட்டால் எங்கள் குடும்பத்தில் நிரப்ப ஆள் இல்லை. அந்த நினைப்பில் வெள்ளைச் சீருடையோடு பிரதேச செயலகத்துக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையாருக்கு நன்றாகத் தமிழ் வரும்.

"என்ன தொழில்?"

"கதிரை, டென்ட் வாடகைக்கு விடுவது," என்றேன்.

"எதுக்கு? கல்யாணத்துக்கா, சாவுக்கா?"

"ரெண்டுக்கும்," என்றார் சித்தப்பா.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே கதிரையா?"

நான் படிவத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லை.

"மிஸ், கழுவித்தான் அனுப்புவோம்."

"கழுவினாலும்... எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க அனுப்பினா, அதுல முந்தாநாள் பொணத்துக்குப் பக்கத்துல யார் ஒக்காந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அரசாங்கமே இப்படிக் கேட்டால் ஊர் என்ன கேட்கும் என்று சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வரும் வழியில் பஸ்ஸிலேயே முடிவெடுத்தார். நல்லதுக்கு நீலக் கதிரை, கெட்டதுக்கு வெள்ளைக் கதிரை. ஒன்று இன்னொன்றின் பக்கம் போகாது. இரண்டையும் வைக்க இரண்டு கடை, நீலத்துக்குப் பண்டாரவளை, வெள்ளைக்குக் கொஸ்லந்த. ஒரே தொழிலுக்கு ஏன் இரண்டு கடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் கேட்டதில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்த வருடங்களில் அவர் குடியை விட்டார், ஒரு லொறி வாங்கினார், கண்ணாடி போட்டு முதலாளி மாதிரி ஆனார். ஆனால் கோயில் அறையில் அந்தத் தப்பு அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை போய்ப் பூச்சி அரிக்காமல் துடைத்து வைத்துவிட்டு வருவார் என்று அப்பா சொன்னார்.

பட்டமளிப்பு முடிந்து நான் வருகிற நாளைத் தோட்டமே கொண்டாடுவது என்று முடிவானது. பெரிய ரோட்டிலிருந்து கோயில்வரை மேளத்தோடு அழைத்துப் போவார்கள். ஒரு வாரத்துக்கு முன் சித்தப்பா போன் எடுத்தார். கதிரை, டென்ட் எல்லாம் தன் பொறுப்பு என்றார். நீலக் கதிரை எத்தனை என்றெல்லாம் சொன்னார். பிறகு கேட்டார்.

"புள்ள, மேளம் நான் அடிக்கட்டா?"

எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக ஊரே கூடி அடிக்கும் முதல் நல்ல மேளம் அது. அதை அடிக்கத்தான் அவருக்கு ஆசை. ஒன்பது வருடமாக எதையும் கேட்காதவர் கேட்டார். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஐப்பசி மாதம், தினமும் பின்னேரம் மழை. பட்டத்தோடு வந்து இறங்குகிறவளுக்குச் சாவு மேளம் அடித்தால் கூடப் படித்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் மனம் முந்திக்கொண்டது.

"மழை வந்தா, சித்தப்பா?"

"அதுவும் சரிதான் தாயி," என்றார் உடனே. "கொஸ்லந்தயிலருந்து நல்ல செட் ஒண்ணு சொல்லிருக்கேன். நீ யோசிக்காத."

போனை வைத்த பிறகு எனக்கு என்னமோ போல் இருந்தது. திரும்ப எடுத்துப் பேசவும் இல்லை. பெருமைக்காரிகளுக்கு இது ஒரு வியாதி.

அன்று நான் பட்டுச் சேலையில் பெரிய ரோட்டில் இறங்கியபோது பாதித் தோட்டம் நின்றது. அம்மா மாலையோடு நின்றார். வானம் கறுத்திருந்தது. மேளத்தை மட்டும் காணவில்லை. கொஸ்லந்த செட் வந்த வேன், ரோட்டில் மண் விழுந்து வழியில் நின்றுவிட்டதாம். காத்திருந்தோம். மேளமில்லாமல் நடந்து போய்விடலாம் என்றேன். பொம்பளைகள் விடவில்லை. "நம்ம தோட்டத்துல மொதல்ல பட்டம் வாங்குன புள்ள. கறிக்கு மரக்கறி வாங்கிட்டு வர்ற மாதிரி சும்மா நடந்து போறதா?"

யாரோ ஒருவர் கோயில் அறைக்கு ஓடி, துணி சுற்றிய தப்பைக் கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் வைத்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் அம்மா, "மேல பாருங்க. இப்பவே தூறுது."

"அதான் அண்ணி நானும் பாக்குறேன். மழை புடிக்கிறதுக்குள்ள கோயிலுக்குப் போயிரலாம். வெரசா நடங்க."

சருகைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி, சித்தப்பா கல்யாண அடியைத் தொடங்கினார். ஒன்பது வருடம் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. முன்னால் போன கிழவர்கள் ஆடினார்கள். ஆனால் ஊர்வலமே ஓட வேண்டியதாயிற்று, ஏனென்றால் மேளக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலை முகத்தில் அடிக்க, ஒரு பட்டதாரி தேயிலைக்கு நடுவே ஓடியது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை.

பாதி வழியில், தகரக் கூரை போட்ட, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில், மழை வந்துவிட்டது. தகரம் இரைந்தது. சித்தப்பா அடிப்பதை நிறுத்தினார். கை இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி நின்றார்.

கோயிலுக்குப் போகிற மேளம் நடுவழியில் நிற்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அவர் என்னைப் பார்த்தார்.

"அடிங்க சித்தப்பா," என்றேன்.

"வேணாம் புள்ள. கை மாறிரும்."

"மாறட்டும்."

"ஒன் நல்ல நாளு தாயி..."

"என் நல்ல நாளுதானே? நான் சொல்றேன், அடிங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அடித்தார். சாவு அடி. முதல் அடியிலிருந்தே சாவு அடிதான், எந்தத் தயக்கமும் இல்லை. அவ்வளவு சுத்தமான சாவு அடியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. கூட்டத்துக்கு எப்படி நடப்பது என்று தெரியவில்லை. துள்ளவா, தலையைக் குனியவா? பக்கத்துக் காம்பரா அத்தை, சித்தப்பாவை மண்ணிலிருந்து தோண்டி எடுத்த அதே அத்தை, இப்போது எழுபது தாண்டியவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அடிக்கு ஆடத் தொடங்கினார். பிறகு எல்லோரும் ஆடினார்கள். நானும் ஆடினேன். அப்படி நனைந்துகொண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாமி கும்பிட்டு, நீலக் கதிரையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கீழ் டிவிஷன் வந்தது. நாற்பது பேராவது இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பக்கெட். முகத்தைத் தொங்கப்போட்டு வரிசையாக வந்த முதல் ஆள் என் கையைப் பிடித்து, "என்ன செய்யிறது, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

"வாங்க," என்றேன்.

"யாரும்மா எறந்தது?"

"யாருமில்ல. மேளம் எனக்குத்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கழுத்தில் மாலை வேறு.

விவரம் தெரிந்ததும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள், ஆனால் உட்கார மாட்டேன் என்றார்கள்.

"நீலக் கதிரையில்ல? நாங்க சாவுன்னு நெனச்சுத்தான வீட்டுலருந்து கெளம்புனோம்."

"சாவே இல்லியே மாமா, எப்படித் தீட்டு வரும்?"

"மேளத்த காது கேட்டுருச்சேம்மா. நாளைக்கு இதே கதிரை ஒரு கல்யாணத்துக்குப் போகும். அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு?"

அரை மணி நேரம் இந்த வாதம் நடந்தது. பட்டப்படிப்பில் எனக்கு இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. கடைசியில் சித்தப்பா போனை எடுத்தார். மண்ணைத் தள்ளி ரோட்டைத் திறந்திருந்தார்கள். கொஸ்லந்தயிலிருந்து வந்த லொறியில் நாற்பது வெள்ளைக் கதிரை இறங்கியது, கூடவே, வழியில் நின்றிருந்த மேள செட்டும். அவர்கள் கல்யாண அடி அடிக்க, ஒரு பக்கம் நீலத்திலும் ஒரு பக்கம் வெள்ளையிலும் ஆட்கள் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட்டார்கள். என் பட்டத்துக்கு எடுத்த போட்டோவில் கூட்டம் நடுவே கோடு போட்ட மாதிரி இருக்கிறது.

மழை விடவில்லை. சித்தப்பா துணி டென்ட்டுக்குக் கீழே, ஓரத்தில், இரண்டு காலையும் உள்ளே வைத்து நின்றார். நான் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கோபமா சித்தப்பா? போன்ல நான் அப்படிச் சொன்னது..."

"கோவமெல்லாம் இல்ல."

"கை மாறிருச்சுன்னு கவலையா?"

"எங்க மாறுச்சு?" என்றார். "இன்னைக்கு நானாத்தான் அடிச்சேன். அந்த அடியக் கேட்டுத்தான புள்ள என்னத் தோண்டுனாங்க. ஊருக்குத்தான் அது சாவு மேளம். எனக்கு அது, 'இங்க ஆள் இருக்கு, வாங்க'ன்னு சொல்ற மேளம். நீ படிச்சிட்டு வந்திருக்க. நாலு பேரக் கூப்புட வேணாமா?" ஒரு வாய் குடித்தார். "வந்தாங்கள்ல?"

வந்தார்கள்தான். போகும்போது ஒரு காரியமும் செய்தார்கள். சாவு வீட்டுக்கென்று வாங்கியதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே நாற்பது பேரும் கொண்டுவந்த பக்கெட்டுகளை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டே போனார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. எனக்கு ஆசிரியர் நியமனம் வரும்வரை எங்கள் வீட்டில் சீனியோ தேயிலையோ வாங்கவில்லை. காலையில் பிளேன்டீயை நீட்டும்போது அம்மா மறக்காமல் சொல்வார்:

"குடி. ஒன் சாவுக்கு வந்த சீனி."